நீக்க முடியாத செயலிகளும் வாங்கியவரின் உரிமையும்

மலிவு விலையில் வாங்கிய புது ஃபோனைத் திறந்தால், யாரும் கேட்காத ஷாப்பிங் செயலியும் கேம்களும் முன்பே குடியேறியிருக்கின்றன. சிலவற்றை நீக்கிவிடலாம். சிலவற்றில் ‘நிறுவல் நீக்கு’ இருக்காது, ‘முடக்கு’ மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில் அந்தப் பொத்தானும் மங்கிக் கிடக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அவை திரும்ப வந்து நிற்கும். பயனர் கைவைக்க முடியாத சிஸ்டம் பகுதியில் பதிக்கப்பட்டவை அவை.

தயாரிப்பாளர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. மலிவு ஃபோனில் லாபம் சொற்பம். செயலி நிறுவனங்கள் தரும் பணம் அதை ஈடுகட்டுகிறது. அதனால் விலை குறைந்து, முதல் ஸ்மார்ட்ஃபோனை வாங்க முடிந்த குடும்பங்கள் இருக்கலாம். இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் பேரம் என்றால் அது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்பவர்கள், எந்தச் செயலியை நீக்க முடியாது என்று சொல்வதில்லை. தனக்குத் தள்ளுபடி கிடைத்ததே தெரியாத ஒருவர் அதற்கு ஈடாக எதையோ ஒப்புக்கொண்டார் என்பது அநியாயம்.

சிஸ்டம் பகுதியில் இருப்பதை நீக்கினாலும் பயனருக்கு இடம் மிச்சமாகாது என்றும் ஒரு வாதம் உண்டு. பதிக்கப்பட்ட முதல் பதிப்புக்கு அது பொருந்தும். அப்டேட்டுகளும் தரவும் பயனரின் இடத்தில்தான் சேர்கின்றன. 32 ஜிபி ஃபோன் வைத்திருப்பவர், அந்த இடத்துக்காகப் பிள்ளையின் வீடியோவை அழிக்க வேண்டிவருகிறது. விலை உயர்ந்த ஃபோன் வாங்கியவருக்கு இந்த நெருக்கடியே தெரியாது. வசதி குறைந்தவர்மேலேயே சுமை விழுகிறது என்பதுதான் இதில் மிகவும் உறுத்துவது.

அழைப்பு, அமைப்புகள் போன்றவை இல்லாமல் ஃபோன் இயங்காது. அவற்றைப் பூட்டுவதில் தவறில்லை. மற்றவற்றைத் திறந்துவிட முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், பெரிய நிறுவனங்கள் 2024 மார்ச் முதல் இதற்கு வழிவிட வேண்டும் என்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, அதன் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஆனால் அந்த உத்தரவை ரத்து செய்தது. பணம் அரசுக்குப் போனது. வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை.

நல்ல நோக்கம் இருந்தால் பூட்டலாமா? 2025 நவம்பர் இறுதியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, எல்லாப் புது ஃபோன்களிலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலி இருக்க வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. தொலைந்த ஃபோனை முடக்கவும் மோசடி அழைப்பைப் புகார் செய்யவும் உதவும், உண்மையிலேயே பயனுள்ள செயலி. ஆயினும் எதிர்ப்பு வலுத்து, டிசம்பர் 3 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. ஒரு நிறுவனத்தின் பூட்டு பிடிக்காதவர் அடுத்த முறை வேறு ஃபோன் வாங்கலாம். அரசே பூட்டினால், அந்த வழியும் அடைபட்டுவிடும்.