நகரத்தின் கடன்

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பிறரிடம் வாங்கியதைத் திருப்பித் தருவதும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். அரபு மொழியிலும் இதனை ஒத்ததோர் உறவு உண்டு. வாங்கிய கடனைக் குறிக்கும் 'தைன்' என்னும் சொல்லும், மனிதன் கட்டுப்பட்டு ஒழுகும் நெறியைக் குறிக்கும் 'தீன்' என்னும் சொல்லும் ஒரே வேரெழுத்துக்களில் பிறந்தவை. நகரம் எனப் பொருள்படும் 'மதீனா'வையும் அவ்வேரிலிருந்தே வருவித்துக் காட்டும் அகராதி ஆசிரியர்கள் உளர். கடன், கடமை, நகரம் ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரு மரத்தின் கிளைகளாக நிற்பது சிந்திக்கத் தக்கது.

இவ்விரு கடன்களும் தம்முள் முரணும்போது தனி மனிதன் படும் பாட்டை நாம் அறிவோம். கடன் கொடுத்தவர் வாயிலில் நிற்கிறார். உள்ளே பிள்ளை பசித்து அழுகிறது. கையிலிருக்கும் காசு யாருக்கு உரியது? இதே இக்கட்டு ஒரு மாநகருக்கு நேர்ந்தால், பத்திரம் வாங்கியவர்க்குத் தவணை செலுத்துவதா, தீயணைக்கும் படைக்குச் சம்பளம் கொடுப்பதா? இது கற்பனைக் கேள்வியன்று. நியூயார்க் மாநகரம் 1975-ஆம் ஆண்டில் இதற்கு விடை சொல்ல நேர்ந்தது.

வரவுக்கு மிஞ்சிச் செலவிட்டு வந்த அந்நகராட்சி, வரப்போகும் வரியையும் மானியத்தையும் காட்டிக் குறுங்காலப் பத்திரங்களை விற்றது. பழைய பத்திரத்தின் தவணையைப் புதிய பத்திரம் விற்று அடைத்தது. பாலமும் பள்ளியும் கட்டுவதற்கென வைத்த மூலதனக் கணக்கில் அன்றாடச் செலவுகளையும் சேர்த்து எழுதியது. 1975-இல் அதன் குறுங்காலக் கடன் மட்டுமே ஏறத்தாழ 600 கோடி டாலர். அவ்வாண்டின் வசந்தத்தில், இனி இப்பத்திரங்களை விற்றுத் தர இயலாதென வங்கிகள் கைவிரித்தன.

ஜூன் மாதம் மாநில அரசு 'நகராட்சி உதவிக் கழகம்' என்றோர் அமைப்பை நிறுவி, நகரின் விற்பனை வரியை ஆதாரமாகக் கொண்டு பத்திரம் விற்க வழி செய்தது. ஜூலை பிறந்தபோது மேயர் ஆபிரகாம் பீமின் ஆட்சி ஆயிரக்கணக்கான ஊழியர்களை வேலையினின்று நீக்கியது. அவர்களுள் காவலர் ஏறத்தாழ 5,000 பேர்; தீயணைப்போர் ஏறத்தாழ 1,500 பேர். சில நாட்களில் ஒரு பகுதியினர் திரும்ப அழைக்கப்பட்டனர். ஏனையோர் நெடுநாள் காத்திருந்தனர். இறுதியில் வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பதே விதி. கடன் வாங்க முடிவு செய்த அவையில் அவர்களுள் எவரும் அமர்ந்திருக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பரில், புரூக்ளின் பகுதியில் வில்லியம்ஸ்பர்க்கின் வடபால் இருந்த 212-ஆம் எண் தீயணைப்பு நிலையத்தை மூட முற்பட்டனர். தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம் அது. அம்மக்கள் நிலையத்துள் புகுந்து, வண்டியை எடுத்துச் செல்ல விடாது மறித்து, பல மாதங்கள் இரவும் பகலும் அங்கேயே தங்கினர். பின்னர் அந்நிலையம் திறக்கப்பட்டது. எனினும், 2003-இல் வந்த மற்றொரு பற்றாக்குறையின்போது மீண்டும் மூடப்பட்டது.

இனி இருபுறத்து நியாயங்களையும் ஆராய்வோம்.

வாக்குக் கொடுத்தால் காக்க வேண்டும் என்பது முதல் நியாயம். குறுங்காலப் பத்திரங்களுக்கு உரிய பணத்தைத் திருப்பித் தருவதை மாநிலச் சட்டமன்றம் 1975 நவம்பரில் ஒத்திவைத்தது. அது செல்லாதென மாநிலத்தின் உச்ச முறைமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. நகரம் தன் 'நம்பிக்கையையும் நாணயத்தையும்' அடகு வைத்துக் கடன் பெற்றது. ஆகவே, பணத்தைத் தருவதும், தருவதற்கென வரி விதிக்கும் ஆற்றலை நேர்மையுடன் பயன்படுத்துவதும் அதன் பொறுப்பு என்பது அத்தீர்ப்பின் சாரம். இடர் வந்தவுடன் உதிர்ந்துவிடும் வாக்கு வாக்கன்று என்பதை யார் மறுக்க இயலும்?

இரண்டாம் நியாயம் உயிர் காத்தல். திவாலானவனின் உடைமைகளைக் கடன்காரர்களுக்குப் பங்கிடும்போது, அவன் உடுக்கும் உடையையும், அவனும் அவன் குடும்பத்தாரும் உண்ணும் உணவையும் விட்டுவைக்க வேண்டும் என ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்தனர். அதில் இரக்கமும் உண்டு, அறிவும் உண்டு. உடையற்றவன் உழைக்க வெளியே செல்ல இயலான்; உழைக்காதவன் எந்நாளும் கடனை அடைக்க இயலான். தீயணைப்போரும் காவலரும் ஒரு நகரத்தின் உடுத்த உடை போன்றவர்கள். வீடு எரிந்து பாழான தெருவிலிருந்து வரி வருமோ? அந்த எழுபதுகளில் தெற்கு பிராங்ஸின் ஏழைத் தெருக்கள் எரிந்துகொண்டிருந்தன. கைவிட்ட உரிமையாளர்களும், காப்பீட்டுத் தொகைக்காகத் தீ வைத்தவர்களும் அதற்குக் காரணமாயினர் என்பது உண்மை. ஆனால், எரியும் ஊரில் நீர் சுமப்பவனை வீட்டுக்கு அனுப்பியதும் உண்மையே.

இவ்வளவில் நிறுத்தினால் தீர்ப்பு எளிது: கொடுத்தவர் செல்வர், இழந்தவர் ஏழை, ஆகவே கொடுத்தவர் காத்திருக்கட்டும் எனலாம். நடந்தது அத்தனை எளிதன்று. 1975 அக்டோபர் 17-ஆம் நாள் நகரம் திவாலின் விளிம்பில் நின்றது. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 15 கோடி டாலருக்குக் கழகப் பத்திரங்கள் வாங்க அவர்தம் சங்கம் இசைந்ததால் அன்று அது தப்பியது. அந்நாள் முதல் கடன் கொடுத்தவர் என்னும் பெயருக்குள் ஆயுளெல்லாம் பாடம் சொல்லி ஓய்ந்த முதியவரும் அடங்கினார். அவர் பணத்தை மறுத்துத் தீயணைப்போருக்குக் கொடுப்பது, ஓர் ஏழையிடம் பிடுங்கி மற்றோர் ஏழைக்கு ஈவதாகும்.

அவ்வாறாயின் குற்றம் எங்கே தொடங்கிற்று? கணக்கில் தொடங்கிற்று என்பேன். பத்திரம் வாங்கிய பொதுமக்களுக்கு உண்மை நிலையை உரைக்கத் தவறினர் என, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஆணையத்தின் அலுவலர்கள் 1977-இல் வெளியிட்ட அறிக்கை நகர அதிகாரிகளையும் வங்கிகளையும் ஒருங்கே சாடியது. கடன் வாங்குவது குற்றமன்று. நூறாண்டு நிற்கும் பாலத்திற்கு நம் பேரர்களும் பங்கு செலுத்துவது முறையே. அவர்களும் அதில் நடப்பார்கள். இன்று உண்டு தீர்க்கும் சோற்றுக்கு அவர்களிடம் கடன் எழுதுவதும், எழுதியதை மறைப்பதுமே குற்றம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியதாக அமைந்திருப்பதன் பொருளை நாம் ஆழ்ந்து உணர வேண்டும்.

இடுக்கண் உற்றவனுக்குத் தவணை தருவது அறம். ஆனால் தவணைக்கும் எல்லை உண்டு. அக்கழகத்தின் எஞ்சிய கடன் 2004-இல் முப்பது ஆண்டுக் காலத்திற்குப் புதிய பத்திரங்களாக மாற்றப்பட்டது. 1975-இல் பிறவாதவர்களும், பிறந்து பேரப்பிள்ளை கண்டவர்களும் அச்சுமையைச் சேர்ந்து சுமக்கின்றனர்.

ஆகவே எனக்குத் தோன்றும் வரிசை இது. நகரம் முதலில் மெய்க்கணக்கைத் தன் மக்கள்முன் விரிக்க வேண்டும். அடுத்து, கடனுக்கு இசைந்தவர்களும் அதனால் பயன் பெற்றவர்களும் தத்தம் ஆற்றலுக்கேற்ப வரியாகவும் விட்டுக்கொடுப்பாகவும் தர வேண்டும். கடன் கொடுத்தவர் தவணையை நீட்ட வேண்டும். இவையெல்லாம் செய்தும் போதாதபோதுதான் காவற்பணியில் கை வைக்கலாம். அப்போதும் ஏழைத் தெருவின் நிலையம் முதலில் மூடப்படலாகாது. நியூயார்க் செய்தவற்றுள் இவற்றிற் பலவும் உண்டு. ஆயின் வரிசை தலைகீழாயிற்று: நீக்கல் ஜூலையில் வந்தது, முழுக் கணக்கு ஈராண்டு கழித்தே வந்தது.

கடனை அடைப்பதும் கடன், காப்பதும் கடன். இரண்டையும் ஒருங்கே செய்ய இயலாத நிலைக்கு ஊரைக் கொண்டு வந்தவர் எவரோ, அவரே இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். அவர் பெரும்பாலும் அதற்குள் பதவியை விட்டுச் சென்றிருப்பார். ஆதலின், செழிப்பான காலத்திலேயே ஊரின் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிப்பது குடிமக்களாகிய நம் கடன்.