ஓடும் நீர் ஓர் அமானத்து

 

வியாபாரத்தில் அல்லாஹுத் தஆலா பரக்கத் செய்தால் சொந்தத்தில் கடை வாங்குகிறோம். வசதியுள்ளோர் இரண்டொரு ஏக்கர் டுரியான் தோட்டமோ ரப்பர் தோட்டமோ வாங்குகின்றனர். கிராண்டில் பெயர் ஏறியதும் எல்லைக் கல்லுக்கு உள்ளே இருப்பதெல்லாம் நமக்கே என்று எண்ணிவிடுகிறோம். மண்ணும் மரமும் நமதுதான். ஆனால், மேட்டிலிருந்து வந்து நம் நிலத்தின் வழியே பள்ளத்துக்குப் போகும் ஓடையும், கடையின் பின்புறம் ஓடும் கால்வாயும் நமக்கு மட்டுமே உரியவையா?

மதீனாவின் ஹர்ரா பகுதியிலிருந்து வந்த வாய்க்கால் நீரைக் குறித்து ஹஜ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரிகளில் ஒருவருக்கும் வழக்கு உண்டாயிற்று. தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் அண்டையாருக்குத் தண்ணீரை விட்டுவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸுபைருக்குக் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இச்செய்தி உள்ளது. மேலே இருப்பவருக்கு முந்திப் பாய்ச்சும் உரிமை உண்டு. தேவை தீர்ந்தபின் அடைத்து வைக்கும் உரிமை இல்லை என்பதே இதன் படிப்பினை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் மற்றொரு வழக்கு காணப்படுகிறது. ழஹ்ஹாக் இப்னு கலீபா என்பார் முஹம்மது இப்னு மஸ்லமாவின் நிலத்தின் வழியே வாய்க்கால் வெட்ட விரும்பினார். நிலத்துக்காரருக்கும் அதனால் நன்மையே, தீங்கு ஏதுமில்லை. ஆயினும் அவர் மறுத்தார். கலீபா உமர் (ரலி) அவர்கள் அவரை அழைத்து எடுத்துச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. எது குறுக்கே நின்றாலும் அவ்வாய்க்கால் ஓடியே தீரும் என்று ஆணையிட்டுக் கூறி, அதை ஓடச் செய்தார்கள் கலீபா அவர்கள். எவரையும் இவ்வாறு கட்டாயப்படுத்தலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமக்கு நஷ்டமில்லாத ஒன்றை அண்டையாருக்கு மறுப்பது முஃமினுக்கு அழகன்று என்பதிலோ வேறுபாடு இல்லை.

தூர் வாரும் செலவு யாரைச் சேர்ந்தது? ஹனபி மத்ஹபின் ஹிதாயா இதையும் விளக்குகிறது. யூப்ரடீஸ் போன்ற பேராறுகளைத் தூர் வாருவது பைத்துல்மாலின் பொறுப்பு. பலருக்குப் பொதுவான வாய்க்காலைத் தூர் வாருவது அதற்கு உரியவர்களின் பொறுப்பு. தம் நிலத்தைக் கடந்ததும் ஒருவருடைய செலவு தீர்ந்தது என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். தலை முதல் கடை வரை எல்லோருமே பங்கேற்க வேண்டும் என்றார்கள் அவர்களின் மாணவர்கள் இருவரும். தம் நிலத்தில் ஓடும் பகுதிக்குக்கூடத் தாம் பொறுப்பில்லை என்று சொன்னவர் இவர்களில் எவருமில்லை.

இனி நம் நிலையைப் பார்ப்போம். சாப்பாட்டுக் கடையின் பழைய எண்ணெயைப் பின்புற லோங்காங்கில் ஊற்றுகிறோம். கால்வாயின் மேல் பலகை போட்டுச் சரக்கு அடுக்குகிறோம். நிலத்தை மேடாக்க மண் கொட்டி ஓடையைத் தூர்த்துவிடுகிறோம். எண்ணெய் உறைந்து கால்வாய் அடைபடுகிறது. ஒரு மணி நேரப் பெருமழையில் தண்ணீர் அடுத்த கடைக்குள் ஏறி, அவருடைய அரிசி மூட்டைகளை நனைக்கிறது. அடைபட்டுத் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டெங்கிக் காய்ச்சல் பரவுகிறது.

அரசாங்கச் சட்டமும் நம்மைக் கேள்வி கேட்கும். பேராக், பகாங், நெகிரி செம்பிலான் முதலிய மாநிலங்களில் ஆறுகள் ஆட்சியாளரின் உடைமை என்று 1920ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் கூறுகிறது. ஊருக்குள் ஓடும் கால்வாய்களுக்கு 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறது. பலரும் சிறிது சிறிதாகக் கொட்டிய கழிவினால் நாறிய சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவு செய்ய 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் பிடித்தன அன்றோ!

அபராதத்தைக் கட்டினால் சட்டத்தின் கணக்கு தீரும். அண்டையாரின் ஹக்கு அப்படித் தீருமா? தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றோடு மறுமைக்கு வந்தும், பிறருக்கு இழைத்த தீங்குகளுக்கு ஈடாகத் தம் நன்மைகளை இழந்து நிற்பவனையே நபிபெருமானார் (ஸல்) அவர்கள் உண்மையான திவாலாளி என்றார்கள். திவால் என்ற சொல்லின் பயங்கரம் வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நனைந்த ஒரு மூட்டை அரிசிக்காக நாற்பதாண்டுத் தொழுகையிலிருந்து கொடுக்க வேண்டிவந்தால் அந்த வியாபாரம் கட்டுமா?

ஆகவே, மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் கடையின் பின்புறத்தையும் தோட்டத்து ஓடையையும் நேரில் சென்று பாருங்கள். அடைப்பை எடுங்கள். பழைய எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து, வாங்குவோரிடம் கொடுங்கள். பொதுக் கால்வாயானால் வரிசைக் கடைக்காரர்கள், எம்மதத்தவராயினும், ஒன்றுகூடிச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். முன்பு நம்மால் யாருக்கேனும் நஷ்டம் நேர்ந்திருந்தால் அவரிடம் சென்று ஈடு கொடுத்து, பொறுத்துக்கொள்ளுமாறு கேளுங்கள். இவ்வுலகில் கேட்பது எளிது.

நம் கைகளாலும் நம் நிலத்தாலும் எவருக்கும் தீங்கு நேராமல் வல்ல ரஹ்மான் நம்மைக் காப்பானாக! ஆமீன்.