ஏழில் மூன்று

வாரிசுகளுக்குத் திருக்குர்ஆன் வகுத்த பங்குகள் ஆறு பின்னங்களில் அடங்கும்: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176ஆம் வசனங்களில் இவை வருகின்றன. ஈமச் செலவு, கடன், மரண சாசனம் போக எஞ்சும் சொத்துதான் இங்கே ‘ஒன்று’. பெரும்பாலும் பங்குகள் அந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும். சில குடும்பங்களில் அடங்குவதில்லை.

பிள்ளையோ பெற்றோரோ சகோதரரோ இல்லாத ஒரு பெண் இறக்கிறாள். கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் இருக்கிறார்கள். கணவருக்கு 1/2, சகோதரிகளுக்கு 2/3. பகுதியை ஆறாக்கிக் கூட்டினால் 3/6 + 4/6 = 7/6. சொத்து 4,20,000 ரூபாய் என்றால் கேட்கும் உரிமை 4,90,000; அதாவது 70,000 குறைகிறது. இறைவன் விதித்த பங்கில் மனிதர் கை வைக்கலாமா? கலீஃபா உமரின் காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது.

உமர் நபித்தோழர்களைக் கலந்து, பகுதி ஆறை ஏழாக்கினார். கணவருக்கு 3/7, அதாவது 1,80,000. சகோதரிகளுக்கு 4/7, அதாவது 2,40,000. சதவீதத்தில் 50 என்பது 42.86 ஆகிறது, 66.67 என்பது 57.14 ஆகிறது. வெறுமனே கழித்துப் பார்த்தால் சகோதரிகளுக்கே இழப்பு அதிகம் என்று தோன்றும். உண்மையில் இரு தரப்பும் இழப்பது அவரவர் பங்கில் ஏழில் ஒன்றுதான்; 3:4 என்ற விகிதம் கெடவில்லை. இம்முறைக்கு அவ்ல் என்று பெயர்.

நபித்தோழர் இப்னு அப்பாஸ் இதை ஏற்கவில்லை. மணல்துகள்களின் எண்ணிக்கையையே அறிந்த இறைவன், ஒன்றைத் தாண்டும் பங்குகளை ஒரே சொத்தில் விதித்திருக்க மாட்டான் என்பது அவர் வாதம். கணவன், மனைவி, தாய் ஆகியோரின் பங்கு குறைந்தாலும் அதற்கு இன்னொரு விதித்த பின்னம் உண்டு. மகளும் சகோதரியும் அப்படியல்ல. உடன் ஆண் வாரிசு இருந்தால் அவர்கள் எஞ்சியதில் பங்கு பெறுபவர்கள். ஆகவே குறைவை அவர்களே ஏற்க வேண்டும் என்றார். அப்படிப் பிரித்தால் கணவருக்கு 2,10,000 முழுதாகக் கிடைக்கும். 70,000 ரூபாய்க் குறைவும் சகோதரிகள் தலையில் விழும். ஷியா சட்டம் இவ்வழியில் செல்கிறது. சுன்னிகளின் நான்கு மத்ஹபுகளும் (சட்டப் பிரிவுகளும்) அவ்லை ஏற்கின்றன.

இப்னு அப்பாஸின் வாதம் கனமானது. ஆனால் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்ற வரிசையை வசனங்கள் சொல்லவில்லை. எனவே எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்வதே நியாயம்.

மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை ஒருவர் விட்டுச்சென்ற கணக்கு இன்னும் புகழ்பெற்றது. 24ஐப் பகுதியாக வைத்தால் 3 + 16 + 4 + 4 = 27. மனைவியின் எட்டில் ஒன்று 3/27, அதாவது ஒன்பதில் ஒன்று ஆகிறது. கலீஃபா அலி மிம்பரில் (பள்ளிவாசல் உரைமேடையில்) நின்றபடியே இவ்விடையைச் சொன்னதாக மரபு. அதனால் இது மிம்பரிய்யா எனப்படுகிறது. 1/9ஐத் தசமத்தில் எழுதினால் 0.111... என்று முடிவில்லாமல் நீளும். அதனால் கடைசி வரை பின்னமாகவே வைத்திருந்து, பணத்தைப் பிரிக்கும்போது மட்டும் ரூபாய்க் கணக்குக்கு வருவதே சரி.

இந்திய முஸ்லிம்களின் வாரிசுரிமைக்குப் பொதுவாக ஷரீஅத்தே பொருந்தும் என்கிறது 1937ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே இன்றும் ஒரு சுன்னிக் குடும்பத்தில் அந்த முதல் கணக்கு வந்தால், கணவருக்கு ஏழில் மூன்றுதான்.