ஊரும் பேரும்

"பேர் என்ன, ஊர் என்ன?" என்று ஒரே மூச்சில் கேட்பது நம் வழக்கம். ஆங்கிலேயரோ ஒரு படி மேலே போய் ஊரையே பேராக்கிக்கொண்டவர்கள். நியூட்டன் என்றதும் நமக்கு விஞ்ஞானிதான் நினைவுக்கு வருகிறார். ஆனால், அது முதலில் ஊரின் பெயர். 'நியூ' என்றால் புதிய. 'டன்' என்பது பழைய ஆங்கிலத்தில் வேலி சூழ்ந்த பண்ணை, சிற்றூர். நம் மொழியில் சொன்னால் புதூர்!

புதூரிலேயே இருப்பவனைப் புதூரான் என்று யார் அழைப்பார்கள்? அங்கே எல்லோரும் புதூரார்தாமே? ஊரை விட்டு வேற்றூருக்குப் பிழைக்கப் போனவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, சில நூற்றாண்டுகளில் இப்படி ஒட்டிய பெயர்கள் பல பரம்பரைப் பெயர்களாயின. 1642-ல் ஐசக் நியூட்டன் பிறந்த ஊரின் பெயர் உல்ஸ்தார்ப். விட்டுவந்த ஊரை மனிதன் மறந்தாலும் பெயர் மறப்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூரும் பெயரளவில் ஒரு புதூர்தான். 1017-ல் அங்கே அவதரித்த இராமானுசர் தொண்டு செய்தது திருவரங்கத்தில். ஆயினும் வைணவர்கள் இன்றும் பெரும்பூதூரோடு சேர்த்தே அவரைப் போற்றுகிறார்கள். இன்று அதே வட்டாரத்தில் கார் ஆலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும் ஒரகடத்தில் 2010-லும் வந்தவை. அவற்றை நம்பி எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள்.

சென்ற மாதம் ஒரகடத்தில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். "அந்த வடக்கத்திப் பையனுக்கு ஒரு டீ கொடு" என்றார் கடைக்காரர். நானும் மனத்துக்குள் அவனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தேன்.

"தம்பி, எந்த ஊர்?"

"ஒடிசா, சார்."

"ஒடிசாவில் எந்த ஊர்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இதுவரை யாரும் அவனிடம் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லை போலும்.

"நுவாகாவ்."

"அப்படியென்றால்?"

சற்று யோசித்தான். "நுவான்னா புதுசு. காவ்ன்னா ஊர்."

புதூர்!

ஒருவனை ஊர்ப் பெயரால் அழைத்தால், அவனுக்கும் ஒரு வீடு, ஒரு தெரு, காத்திருக்கும் தாய் உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். திசையின் பெயரால் அழைத்தால்? திசையில் யாருக்கு வீடு இருக்கிறது? அவன் கைகள் நமக்கு வேண்டும். அவன் ஊர் வேண்டாம். இது நியாயமா?

இப்படி நான் நினைத்துக்கொண்டிருக்கையிலேயே கம்பெனி பஸ் வந்தது. அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். அப்போதுதான் உறைத்தது: ஊரைக் கேட்ட நான் பேரைக் கேட்கவில்லை.