கருவுக்கு இடும் எண்

உயிருக்கு எண்ணிட்டுத் தரம் பிரிப்பது அறமாகுமா? பிறப்பைக் கொண்டு மனிதர் தரம் பிரிக்கப்பட்டதை அறிந்த நமக்கு இவ்வினா எளியதன்று. தவளைக் கருவைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஆப்பிரிக்க நகத் தவளையின் கருவுற்ற முட்டை முதன்முறை பிளவுபடுமுன், அதன் புறவடுக்கு உட்பொருளின்மீது ஏறக்குறைய 30 பாகை திரும்புகிறது. முதுகு எப்பக்கம் அமையும் என்பதை இத்திருப்பமே தீர்மானிக்கிறது. முட்டையின் அடிப்பாகத்தில் புறஊதாக் கதிரைப் போதிய அளவு செலுத்தினால் திருப்பம் தடைப்படும். தலையும் முதுகும் அற்ற கரு உண்டாகும். 32 உயிரணு நிலையில் லித்தியம் உப்புக் கரைசலில் சில நிமிடம் வைத்தாலோ, உடலும் வாலும் குன்றித் தலைப்பகுதியே மிகும்.

இப்பிறழ்ச்சிகளை அளக்கக் காவோ, எலின்சன் என்னும் அறிஞர் இருவர் 1988-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். தலையும் முதுகும் அறவே அற்ற கருவுக்கு 0. தலையுறுப்புகளே சுற்றிலும் அமைந்ததற்கு 10. இயல்பான கருவின் எண் 10 அன்று, 5 ஆகும். குறைவு மட்டுமன்று, மிகுதியும் பிறழ்ச்சியே என்பதை நடுவழி கற்ற நாம் எளிதில் உணர்வோம்.

இதனினும் பெரிய உண்மை ஒன்று உண்டு. கதிர்பட்ட அம்முட்டையையே உரிய நேரத்தில் சாய்த்து வைத்தால், உட்பொருள் தன் எடையால் நகர்ந்து, தலையும் முதுகும் செவ்வனே அமையக்கூடும். ஆகவே 0 என்பது முட்டையின் தன்மையன்று. அதற்குச் செய்யப்பட்டதன் விளைவு. சார்பு மாறின் தோற்றமும் மாறும். அதனைப் பிறவி இழிவு என்பார், எண்ணைக் கண்டாரேயன்றிச் செய்த கையைக் கண்டாரல்லர்.

அவ்வாறாயின் அக்கை குற்றமற்றதோ? கொல்லாமையை முதற்சீலமாகக் கொண்ட நாம் எளிதாக ஆம் என்று கூறவியலாது. கருவின் வளர்ச்சியை அறிதல் நன்றே. ஆயினும் அவ்வறிவு உயிர்க்கடனைத் தீர்த்துவிடாது. தேவைக்கு மேல் ஒரு முட்டையையும் எடாதிருத்தல் அவர் கடமை. தம் கொள்கைக்கு ஒவ்வாத கருவை விலக்காது எண்ணுதலும் கடமை. எது கதிர்பட்டது என்று அறிந்த கண் விரும்பியதையே காணும். ஆதலின் அதனை அறியாத ஒருவரே எண்ணிடுதல் நலம். எண் பொய்த்தால் அத்தனை உயிரும் வீணே மாய்ந்தனவாகும்.

எண்ணிடுதலில் இழிவில்லை, எண்ணை உயிரின் மதிப்பென்று கொள்வதிலேயே இழிவு உளது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு காரணத்தைத் தேடுவோம். அதனை உண்டாக்கிய கை நம்முடையதாயின் மறைக்காது ஏற்போம்.