பீச்சாங்கைப் பின்னல்

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கிறது சாணார்பட்டி. ஸ்வெட்டருக்கு வேலையே இல்லாத வெயில் ஊர். ஆனாலும் என் பெரியம்மா அங்கே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறார். பெரியப்பா கொடைக்கானலில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். இப்போது கனடாவில் இருக்கும் பேத்திக்காக.

போன மாதம் போயிருந்தேன். டி.வி. பார்த்துக்கொண்டே பின்னுகிறவர், அன்றைக்கு ஊசியோடு தடுமாறிக்கொண்டு இருந்தார்.

"வலது தோள்பட்டை வலிக்குதுப்பா. நூலை இடது கையில பிடிச்சுப் பின்னுங்க அப்பாயின்னு பேத்தி போன்ல காட்டுனா. கான்டினென்டல் முறையாம்."

பெரியம்மா பழகிய முறையில் நூல் வலது கையில் இருக்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியைச் சுற்றிப் போட வேண்டும். ஐரோப்பாவில் பல நாடுகளில் நூலை இடது கை விரலில் பிடித்து, ஊசி முனையால் கொத்தி எடுக்கிறார்கள். 'நிட்' சுலபம். 'பர்ல்'தான் படுத்தி எடுக்கும். நூலை முன்பக்கம் கொண்டுவந்து, ஊசிமேல் சுற்றி, விரலால் அழுத்திப் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டும்.

இதிலும் அரசியல் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலீஷ் பேசும் நாடுகளில் இதை ஜெர்மன்காரன் பின்னல் என்று ஒதுக்கினார்கள். 1910-ல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் ஸிம்மர்மன், பிற்பாடு டி.வி.யிலும் புத்தகங்களிலும் சொல்லிக்கொடுத்து அதற்கு மரியாதை தேடித் தந்தார். இத்தனைக்கும், ஒழுங்காகப் பின்னிய ஸ்வெட்டரைப் பார்த்து நூல் எந்தக் கையில் இருந்தது என்று சொல்லவே முடியாது!

பெரியம்மா ஊசியைக் கீழே வைத்தார்.

"உங்க அக்கா சின்னப் புள்ளையில பீச்சாங்கையிலதான் எழுதுவா. ஸ்கேலை எடுத்து அடிச்சே மாத்துனேன். இப்ப என் விரலே எனக்கு அடங்க மாட்டேங்குது. இந்த வயசுல எனக்கே அழுகை வருது. அவளுக்கு அப்ப அஞ்சு வயசு."

"அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் அப்படித்தானே பெரியம்மா?"

"எல்லாரும் அடிச்சா வலிக்காதாப்பா?"

என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் யாரையும் திருத்தவே கூடாதா? பர்ல் போடுவதிலேயே ஒரு குறுக்குவழி உண்டு. மேலே சுற்றாமல், கீழே இருந்து கொத்தி எடுப்பது. வேகமாக வரும். ஆனால், கண்ணி ஊசியில் திரும்பி உட்கார்ந்துவிடும். கவனிக்காமல் அடுத்த வரிசையை வழக்கம்போலப் பின்னினால் முறுக்கிக்கொள்ளும். கவனித்து, கண்ணியின் பின்பக்கமாக ஊசியை விட்டால் சரியாகிவிடும். முறுக்கு, துணியில் தெரிகிற பிழை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தக் கை என்பது நம் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பிழை. பிள்ளைகளிடம், மருமகளிடம், அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவரிடம் நாம் திருத்துவதில் முக்கால்வாசி இந்த ரகம்தானோ?

அன்றைக்கு ராத்திரி பெரியம்மா அக்காவுக்கு போன் போட்டார். "அன்னைக்கு அடிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார்.

அக்கா சிரித்தாள். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேம்மா. ஆனா, இப்பவும் யாராவது பக்கத்துல நின்னா எனக்கு எழுத வராது."

பின்னியதைப் பிரித்துப் போடலாம், ஸ்வெட்டர் என்றால்.