ஆன்மீகக் குடும்பமும் அடிமை ஒநேசிமுவும்

கிறித்தவர் ஒருவரையொருவர் சகோதரர் என விளிப்பது வெறும் மரியாதை வழக்கோ, அன்றி உறவின் கடப்பாடுகளையும் உடன்கொணரும் அழைப்போ என்பது அச்சமயத்தின் முதல் நூற்றாண்டிலேயே எழுந்த வினாவாகும்.

மாற்கு சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தில், தாயும் சகோதரரும் வெளியே நின்று அழைக்க, இயேசு தம்மைச் சூழ அமர்ந்திருந்தோரைக் காட்டி, இறைவனின் சித்தப்படி ஒழுகுவோரே தமக்குச் சகோதரரும் சகோதரியும் தாயும் ஆவர் என்கின்றார். அவ்வரிசையில் தந்தை இடம்பெறாமை நோக்கற்பாலது. 10ஆம் அதிகாரத்திலும் அவர்பொருட்டுத் துறக்கப்படும் உறவுகளுள் தந்தை உண்டு. நூறு மடங்காக மீளப்பெறும் உறவுகளுள் இல்லை. அக்கால வீட்டில் தந்தை என்பது அன்பின் பெயராக இருந்ததோடு, மக்கள்மீதும் அடிமைகள்மீதும் செலுத்தப்பட்ட அதிகாரத்தின் பெயராகவும் இருந்தது. புதிய குடும்பத்தில் அவ்வதிகாரம் மனிதர் எவருக்கும் உரியதன்று என்றே இம்மௌனத்தைக் கொள்ளத் தோன்றுகின்றது.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய, 25 வசனங்களே கொண்ட நிருபத்தில் இக்கருத்து சோதனைக்குள்ளாகின்றது. பிலேமோனின் வீட்டிலேயே சபை கூடிற்று; அவனுடைய அடிமை ஒநேசிமு. எசமானனைப் பிரிந்திருந்த ஒநேசிமு, சிறையிலிருந்த பவுலிடம் விசுவாசியாகின்றான். அவனைத் திருப்பியனுப்பும் பவுல், அடிமை நிலைக்கு மேலான அன்புச் சகோதரனாக அவனை ஏற்கும்படி வேண்டுகின்றார். ஆன்மீகத்தில் மாத்திரம் அன்று, உலகியல் வாழ்விலும் அவ்வாறே ஏற்கவேண்டும் என்பது அவர் கோரிக்கை. பவுலும் தம்மை ஒநேசிமுவின் தந்தை என்றே கூறிக்கொள்கின்றார். எனினும் கட்டளையிடும் உரிமையை ஒதுக்கிவைத்து, அவன் பட்ட கடன் உண்டாயின் தாமே தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதும் தந்தை அவர்.

விடுதலை செய்க என அவர் வெளிப்படக் கூறவில்லை. அது குறையே. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அடிமைமுறையின் ஆதரவாளர் இந்நிருபத்தையே தமக்குச் சான்றாகக் காட்டினர். ஆயினும் தன் மேசையில் உடன் அமரும் சகோதரனை ஒருவன் சந்தையில் விற்பது எங்ஙனம்? அவ்விடரினின்று பிலேமோன் நழுவ இயலாதவாறு நிருபம் அவனுக்கு மட்டுமன்றி, அவன் வீட்டிற் கூடும் சபைக்கும் முகவரியிடப்பட்டுள்ளது.

தமிழ்க் கிறித்தவரிடையே இதே வினா இருக்கையாகவும் பாத்திரமாகவும் எழுந்தது. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிக்கேற்பத் தனித்தனி இருக்கைகள் நெடுங்காலம் நிலவின. இவ்வேற்றுமை முற்றாக ஒழிக்கப்படல் வேண்டும் எனக் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். சகோதரர் என்னும் விளி அவர்களுக்குப் புதிதன்று. சேர்ந்தமர்ந்து ஒரே பாத்திரத்திற் பங்குகொள்ளுதலே அவர்களுக்கு இயலாததாயிற்று.